பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

ரகுபதி சார் நெற்றியில் இருக்கும் திருநீற்றைச் சுரண்டி எடுத்தால் ஒரகடம் முழுக்க வெள்ளையடித்துவிடலாம். அவ்வளவு பக்தி. சாமிக்கு மட்டுமல்ல, மேலிடத்திலிருந்து எது வந்தாலும் படிக்காமலே கும்பிட்டுவிடுவார்.

ஆயுதபூஜை அன்று காலை, கார் சீட் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் அறையில் டிரெய்னி முத்துச்செல்வி ஒரு மெயிலைத் திறந்தாள். அனுப்பியவர் பிளான்ட் ஹெட் சங்கரநாராயணன் என்றிருந்தது. ‘உங்கள் லாகின் பதினோரு மணிக்கு முடக்கப்படும். தடுக்க, கீழே உள்ள லிங்கை அழுத்திப் பாஸ்வேர்டைக் கொடுக்கவும். மிக மிக அவசரம்.’

பெயரின் மேல் அம்புக்குறியை வைத்தாள். பின்னாலிருந்து ஒரு முகவரி எட்டிப் பார்த்தது. அதற்கும் கம்பெனிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தவிர, அவசரம் என்றால் பெரிய சார் மெயிலா அனுப்புவார்? அவர் கத்துகிற கத்தலில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலே நின்றுவிடும்.

“இது கள்ள மெயிலு சார்.”

டிஸ்பாட்ச் சூப்பர்வைசரான ரகுபதி அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். “இன்னாமா, லாகின் பூடும்னு போட்டுக்கீது, நீ பாத்துக்கினு குந்தினுகீற? அமுக்கு!”

“அமுக்க மாட்டேன் சார்.”

“லாகின் போச்சுன்னா கேட் பாஸ் வராது. பாஸ் இல்லன்னா லாரி நகராது. அங்க கார் கம்பெனில லைன் நின்னுடும்மா!”

லைன் நிற்பது! அந்த வட்டாரத்தில் பேய் பிசாசுகூட அந்த வார்த்தையைக் கேட்டால் புளியமரத்தை விட்டு ஓடும். அங்கே கார் வருகிற வரிசைக்கு, இங்கிருந்து போன சீட் லாரியிலிருந்து இறங்கின சூட்டோடு உட்கார வேண்டும்.

முத்துச்செல்வி பெரிய சாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பூஜைக்குப் பூசணிக்காய் வாங்க அவரே ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார்.

“அடுத்த வாரம் உன் கன்ஃபர்மேஷன் என் கையெழுத்துலதான் கீது, ஞாபகம் வெச்சுக்க,” என்றார் ரகுபதி. “நகரு. பாஸ்வேர்ட் எனக்கும் தெரியும்.”

டிரெய்னியாக அவள் பட்ட பாடெல்லாம் அந்தக் கையெழுத்தில் தொங்கியது. அவர் போடாவிட்டால் வடக்குப்பட்டு ஹாஸ்டலைக் காலிபண்ணிவிட்டுத் தென்காசிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நாற்காலியோ அவருக்காக நகரவில்லை. மேஜையோரம் பூஜைத் தட்டு தயாராக இருந்தது.

அவளுடைய ஒரு கை கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தது. மறு கை சந்தனத்தை அள்ளி மானிட்டரின் நடுநெற்றியில் அப்பியது. மேலே குங்குமம். கீபோர்டுக்கு மூன்று பட்டை. மவுசுக்கும் ஒரு பொட்டு. சாமந்தி மாலை. கற்பூரம்.

“பூசை போட்டாச்சு சார். இனி நாளைக்குக் காலையிலதான் தொடணும். தொடுததா இருந்தா தொடுங்க. சரஸ்வதியாச்சு, நீங்களாச்சு.”

ரகுபதி நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிரம்மாவே வந்து இறக்கினாலும் இறங்கியிருக்காது. “அடிப்பாவி!” என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்.

அவள் அலமாரியிலிருந்து பழைய கேட் பாஸ் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினாள். கரண்ட் போனால் அப்படித்தான் வழக்கம். செக்யூரிட்டி கன்னியப்பன் முத்திரை குத்தினார். லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

காரில் தனி சீட் கேட்கும் பூசணிக்காயோடு பெரிய சார் வந்திறங்கினார். ரகுபதி ஓடினார். “சார், உங்க மெயிலை இந்தப் பொண்ணு மதிக்கல சார்!”

“எந்த மெயில்யா? காலையிலேர்ந்து நான் பூசணிக்காய்க்காரனோட மல்லுக்கட்டிட்டு நிக்கிறேன்!”

அதற்குள் சிஸ்டம் பார்க்கும் அருள்பாண்டி மூச்சிரைக்க வந்தான். “சார், ஸ்டோர்ஸ்ல ஒருத்தர் லிங்கை அமுக்கி பாஸ்வேர்டைக் குடுத்துட்டாரு. இப்ப அவர் பேருல கஸ்டமருக்கெல்லாம் அதே மெயிலு போவுது!”

ரகுபதி மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டு கையும் தானாகக் குவிந்தன.

அடுத்த வாரம் ஹெச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. தலைப்பு: கன்ஃபர்மேஷன்.

“நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன். தொற!” ரகுபதிக்கு அவளைவிட அவசரம்.

முகவரி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் முத்துச்செல்வி இன்டர்காமைக் கையிலெடுத்தாள்.

“இன்னும் இன்னாமா?”

“கேட்டுட்டுத் தொறக்கேன் சார்.” எண்ணைச் சாவகாசமாக அழுத்தினாள். “மேடம், இந்தக் கன்ஃபர்மேஷன் மெயிலை நீங்கதான் அனுப்பினீயளா?”