இருட்டாத ஊருக்கு இரண்டு டிக்கெட்

எங்கள் தெருவில் ஒரு ஆள் வெளிநாடு போகிறான் என்றால் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். என்ன வேலை? எப்போது லீவு? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கலாம் என்று தென்காசியில் யாரும் யோசித்ததில்லை. சுவால்பார்டுக்குப் போகப் போகிறோம், சும்மா சுற்றிப் பார்க்க, என்று நான் சொன்ன அன்று தெருவே வாயடைத்து நின்றது. அடைத்த வாய் ஒரு மணி நேரத்தில் திறந்துகொண்டது, அது வேறு கதை.

என் பெயர் மாஜிதா. என் வீட்டுக்காரர் முகம்மது சலீம் இருபத்தாறு வருஷம் சவூதியில், தம்மாமில், ஒரு பலசரக்குக் கடையில் இருந்தார். கீழே கடை, மேலே ரூம். காலையில் இறங்குவார், ராத்திரி ஏறுவார். தம்மாம் கடலோர ஊர். அந்தக் கடலை அவர் பார்த்ததெல்லாம் லீவுக்கு வரும்போது விமான ஜன்னல் வழியாகத்தான், அதுவும் ஜன்னலோரம் இடம் கிடைத்தால். போன வருஷம் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த மனுஷனுக்குக் காலையில் திறக்க ஒரு கடை இல்லை. பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், மூடுவார், மறுபடியும் திறப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எனக்கு ராத்திரி என்றாலே ஆகாது. கடையை அடைத்துவிட்டு இவர் போன் பண்ணும்வரை கொட்டக் கொட்ட முழித்துக் கிடந்தவள் நான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது ராத்திரியில். என் அம்மா மௌத்தானது ராத்திரியில். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் எல்லாம் வரும்.

அப்படிப்பட்டவள் கண்ணில் ஒருநாள் அந்த வீடியோ பட்டது. சுவால்பார்டு, வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வேக்காரர்களின் தீவுக்கூட்டம். கோடை முழுக்கச் சூரியன் அடையவே அடையாது. பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. துப்பாக்கிக்காரத் துணை இல்லாமல் ஊரைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால் பனிக்கரடி. பார்த்த உடனே முடிவு கட்டிவிட்டேன். ராத்திரியே இல்லாத ஊரில் இந்த மனுஷனோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வர வேண்டும். எனக்கு வேறு எந்த ஈடும் வேண்டாம்.

செலவுக்கு என்ன செய்தாய் என்று கேட்பவர்களுக்கு: வளையலை விற்றேன். என் கை, என் வளையல்.

இவரிடம் சொன்னேன். “குளிருமே” என்றார்.

“அதுக்குத்தான் கம்பளின்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான்.”

கொஞ்ச நேரம் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மின்னியது, நான் பார்த்தேன். ஆனால் வாய் பழைய வாய்தானே! “அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்” என்றார். வந்தது வினை.

அண்ணன் என்றால் மசூது மச்சான். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மாமனார் மௌத்தான பிறகு குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். இவரைச் சவூதிக்கு அனுப்பியது அவர். ஒவ்வொரு லீவிலும் “இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வா” என்று திருப்பி அனுப்பியதும் அவர். இவர் ஒருநாளும் மறுத்ததில்லை. “நீங்க சொன்னா சரிதான் அண்ணே.” இந்த ஒரு வரியில் என் வாலிபம் போய்விட்டது. மச்சான் கெட்டவர் இல்லை, என் பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியாது.

விஷயத்தைக் கேட்டதும் மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அங்கன நம்ம ஆளு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல மச்சான்.”

“நம்ம ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குப் போகணும்?”

“நம்ம ஆளு இல்லங்கதுக்காகத்தான் போறோம்.”

உள்ளே அடுப்படியில் ஜாஹிரா மச்சி, அவர் சம்சாரம், களுக்கென்று சிரித்தார். “ஏட்டி மாஜிதா, கரடி வந்தா என்னட்டி செய்வ?”

“உங்க கொழுந்தனக் காட்டிட்டு ஓடி வந்துருவேன் மச்சி.”

மசூது மச்சான் சிரிக்கவில்லை. மூன்று நாள் யாரிடமெல்லாமோ விசாரித்துவிட்டு, நான்காம் நாள் வீடு தேடி வந்தார். “அங்கன பொழுதே அடையாதாமே. அப்ப மஃரிப் எப்போ? இஷா எப்போ? தொழுகைய விட்டுட்டு ஊர் சுத்தப் போறியளோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக அதை நான் யோசிக்கவே இல்லை. விலக்கு நாட்களும் பிரசவத்துக்குப் பிறகுள்ள நாட்களும் போக நான் தொழுகையை விட்டவள் இல்லை. என் முகம் போன போக்கு மச்சானுக்கு வெல்லமாக இனித்தது.

“ஞாயித்துக்கெழம ஐந்தருவிக்குப் போறோம்லா, நம்ம பள்ளிவாசல் சுஹைப் ஹஜ்ரத்தும் வாராரு. அவரு சொல்லட்டும். கூடாதுன்னாருன்னா கூடாது.”

“கூடும்னு சொன்னா?”

“சொல்ல மாட்டாரு.”

குற்றாலத்தில் இந்த வருஷம் சீசன் நல்ல சீசன். ஐந்தருவியில் தண்ணீர் மொத்து மொத்து என்று விழுந்தது. பெண்கள் பக்கம் நானும் ஜாஹிரா மச்சியும் குளித்துவிட்டு வந்தபோது ஆண்கள் தலை துவட்டிக்கொண்டு பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சுஹைப் ஹஜ்ரத் சாந்தமான மனுஷர். பல் தேய்த்தால் நோன்பு முறியுமா, மருதாணி இட்டால் தொழுமுன் செய்யும் ஒளு கூடுமா என்று கேட்டுக் கேட்டே ஊர் அவரைத் தூங்க வைத்திருந்தது. மசூது மச்சான் பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்துவிட்டுக் கேள்வியைப் போட்டார்.

ஹஜ்ரத்தின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “என்ன கேட்டிய? இன்னொருக்காக் கேளுங்க.”

மச்சான் இன்னொரு தடவை கேட்டார்.

“பொழுது அடையாத ஊரா! நெசமாவா? யாரு போறது?”

“இந்தா, இவதான். சலீமையும் இழுத்துக்கிட்டு.”

“மாஷா அல்லாஹ்!” ஹஜ்ரத் எச்சில் கையோடு எழுந்தே விட்டார். “இந்தப் பாடத்த ஓதி முப்பது வருசமாச்சு. பரீச்சையில எழுதினதோட சரி. எத்தன ஊர்ப் பள்ளியில வேல பாத்திருக்கேன்! ஒருத்தன், ஒரே ஒருத்தன், இதக் கேட்டிருக்கணுமே! கேளும்மா, நீ கேளு. பக்கத்துல எந்த ஊர்ல ராவும் பகலும் ஒழுங்கா வருதோ, அந்த ஊர் நேரத்தக் கணக்கு வச்சுத் தொழுதுகிடணும். சபர்ல, பிரயாணத்துல இருக்கவங்களுக்குச் சேத்துத் தொழ, சுருக்கித் தொழச் சலுகை வேற இருக்கு. தொழுகை எங்க இல்லாமப் போகும்? அதுவும் அல்லாவோட பூமிதானே?”

நான் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சிரிப்பு மச்சானுக்குத் தெரியக் கூடாதே!

“போங்க. போயி, சூரியன் எங்க நிக்குன்னு எனக்கு ஒரு தடவ காட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் உட்கார்ந்து அந்தப் பெரிய துண்டை எடுத்துக் கடித்தார்.

மசூது மச்சான் முகம் கறுத்துவிட்டது. கடைசி அஸ்திரம் ஒன்று அவரிடம் இருந்தது, அது எனக்கும் தெரியும். தம்பி பக்கம் திரும்பினார். “ஏலே சலீமு, நீ சொல்லு. ஒனக்கு இந்தக் கூத்துல இஷ்டமா? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, முடிஞ்சுபோச்சு.”

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஒரே வரிதான் வரும். அது வந்துவிட்டால் நான் இனி எதுவும் கேட்க மாட்டேன். இந்த ஆயுசில் இந்த மனுஷனோடு எனக்கென்று ஒரு வாரம் கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

இவர் துண்டைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துண்டு. பிறகு தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“என்னது? கேக்கல.” அருவிச் சத்தத்தில் மச்சான் காதைச் சாய்த்தார்.

“போயிட்டு வாரோம்னேன் அண்ணே!” இவர் கத்தியே விட்டார். பக்கத்துக் கூட்டமெல்லாம் திரும்பிப் பார்த்தது. “டிக்கெட் போட்டாச்சு! ரெண்டு டிக்கெட்டு! முந்தாநாளு மேலகரத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல நானே போயிப் போட்டேன்!”

டிக்கெட் போட்டது எனக்கே தெரியாது! யா ரப்பே, எனக்கே தெரியாது! எனக்குச் சொல்லாமல், அண்ணனைக் கேட்காமல், ஹஜ்ரத் என்ன சொல்வாரோ என்று காத்திருக்காமல், இந்த மனுஷன் பஸ் ஏறிப் போய்ப் போட்டிருக்கிறார். ஜாஹிரா மச்சி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் குரவை விட்டார். கல்யாண வீட்டுக் குரவை. நான் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லை.

விசாவுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனதும் வந்ததும், விமானம் மாறி மாறி ஏறியதும் பெரிய பாடு. அதையெல்லாம் சொன்னால் விடிந்துவிடும். ஆகஸ்ட் மாதம் லாங்யர்பியன் என்ற அந்த ஊரில் போய் இறங்கினோம். விடுதி வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் ஓடிய ஊர், அந்தக் காலத்துப் பழக்கமாம். வெள்ளைக்காரர்கள் ஷூவைக் கழற்றத் திண்டாடிக்கொண்டிருக்க, இவர் லாகவமாகக் கழற்றி ஓரமாக வைத்தார். “நம்ம ஊருதான்ட்டி இது” என்றார்.

முதல் ராத்திரி. ராத்திரி என்று கடிகாரம்தான் சொன்னது. திரைச்சீலையை நான் மூடவிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை மேல் வெயில் அடிக்க, இவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருடைய போனுக்கும் காத்திருக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் இருந்ததே இல்லை.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. தென்காசியில் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னால் கூட்டத்தோடு நின்றுகொண்டு மசூது மச்சான் வீடியோவில் வந்தார். அங்கே சாரல், இருட்டு விலகவில்லை.

“சலீம் எங்க?”

“தூங்குதாக மச்சான்.”

“பட்டப்பகல்லயா?”

“இங்க ராத்திரி ரெண்டு மணி.”

ஹஜ்ரத் போனைப் பிடுங்கினார். “சூரியனக் காட்டும்மா.” காட்டினேன். அத்தனை பேரும் குனிந்து பார்த்து “சுபுஹானல்லாஹ்” என்றார்கள். போன் மறுபடி மச்சான் கைக்குப் போனபோது இவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். தம்பி வெயிலில் வாயைப் பிளந்து தூங்குவதை மச்சான் ரொம்ப நேரம் பார்த்தார்.

“எழுப்பாத. நல்லாத் தூங்கட்டும்” என்றார்.

மறுநாள் பனிப்பாறை பார்க்கப் படகு. தோளில் துப்பாக்கி தொங்க ஒரு வழிகாட்டிப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். படகில் ஏறிய எல்லோரிடமும் ஒவ்வொரு வார்த்தை பேசிக்கொண்டே வந்தாள். ஒருவர் நாற்பது நாடு பார்த்தவர், இன்னொருவர் அதைவிட அதிகம். இவரிடம் வந்து, “நீங்கள் வெளிநாட்டுக்கு வருவது முதல் தடவையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சவூதி முத்திரை குத்திக் குத்தித் தாள் தீர்ந்த பழைய பாஸ்போர்ட்டுகளும் புதிதோடு சேர்த்து என் பையில்தான் இருந்தன. இவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“எஸ் மேடம். ஃபர்ஸ்ட் டைம்.”

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

“அப்படியானால் நீங்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார வேண்டும்” என்று அவள் எங்களைப் படகின் தலைமாட்டுக்கு அழைத்துப் போனாள். நாற்பது நாடு பார்த்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போய் முதல் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். திரும்பி வரும்வரை அந்த இடத்தை நாங்கள் யாருக்கும் விடவில்லை.