மூன்று விதமாக உட்காரும் மூலை

என் மனைவி பல் டாக்டர். நான் அவளுடைய கிளினிக்கின் பின்னறையில் பல்செட் கட்டுகிறவன். அவள் பிடுங்குவாள், நான் மாட்டுவேன். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அங்கே பிடுங்கல் கொஞ்சம் அதிகம்.

வீடு, கிளினிக்குக்கு மேல்மாடியில். எங்களோடு என் மாமனாரும் இருந்தார். சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேருக்குச் சூப் வைக்கச் சொன்னால் கைப்பழக்கத்தில் ஒரு கப்பலுக்கே வைத்துவிடுவார். அவருக்கு இந்த வயதில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், தெருவுக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. கணவரை இழந்து வெகுகாலம் ஆனவர். வரும் வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. "பெத்த அப்பாவைக் கட்டிக் குடுக்கற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?" என்று என் மனைவி நோயாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் நிறையப் பஞ்சு வைத்திருக்கும் நோயாளிகள் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள்.

இந்தக் காதலுக்குத் தூது போனது ஒரு கியூப். ஆறு பக்கம், ஆறு நிறம், திருகித் திருகிக் கலைத்துவிட்டு மறுபடி ஒன்றுசேர்க்கிற அதே கியூப்தான். கப்பலில் தண்ணீர் கொதிக்கும் வரை பொழுது போக வேண்டுமே என்று மாமனார் பழகியதாம். ஒருநாள் இருமல் மருந்து வாங்கப் போனவர் அதைக் கல்லாப் பக்கத்தில் வைக்க, அந்த அம்மா பேச்சுவாக்கில் எடுத்துத் திருகி நாசம் பண்ணிவிட்டார்.

"ஐயோ, கலைச்சுட்டேனே!"

"பரவாயில்லைம்மா. காலையில சரி பண்ணிக் கொண்டு வந்து காட்டறேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கம். சாயங்காலம் அந்த அம்மா கலைப்பார். மறுநாள் காலையில் மாமனார் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுவார். இருமல் என்றைக்கோ நின்றுவிட்டது. கடைக்குப் போவது நிற்கவில்லை.

ஆனால் கல்யாணம் என்று பேச்சு வந்தபின் மாமா அந்தக் கியூபைப் பிடிக்கிற பிடியே மாறிவிட்டது. ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார். "எங்க அண்ணன் கடைசிக் காலத்துல என் முகத்தைப் பார்த்து 'நீங்க யாரு?'ன்னு கேட்டார், மாப்பிள்ளை. அது என் ரத்தத்துலயும் இருக்கும். இதை நான் தினமும் முடிக்கிற வரைக்கும் மூளை சரியா இருக்குன்னு அர்த்தம். முடியாமப் போற அன்னைக்கு, கல்யாணம் வேணாம்னு அந்த அம்மாகிட்ட நானே போய்ச் சொல்லிடுவேன். ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வந்து, அவங்க பேரையே கேட்டுட்டு நிக்கக் கூடாது."

அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. நான் நல்லது செய்ய நினைத்தால் வீட்டில் உள்ளவர்கள் பத்திரமாக இருந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகவே இருந்தது. அந்தக் கியூப் 'கறக் கறக்' என்று சத்தம் போடும். சமையலறையிலேயே வாழ்ந்ததால் உள்ளே மாவும் எண்ணெயும் சேர்ந்து பசையாகியிருந்தது. கீழே காத்திருக்கும் நோயாளிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, டாக்டரம்மா யாருடைய தாடையையோ திருகுகிறார் என்று எழுந்து போனதும் உண்டு. சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் போட்டு, பட்டு மாதிரி ஓட வைத்துவிட்டால்? கல்யாணப் பரிசு!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா முடி வெட்டப் போனார். அந்த அம்மா கலைத்துக் கொடுத்த கோலத்தில் கியூப் மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

மேல்தட்டைப் பாதி திருப்பி நிறுத்தி, மெழுகு செதுக்கும் கத்தியால் ஓரத்தில் ஒரு நெம்பு நெம்பினேன். 'டக்' என்று ஒரு துண்டு கையோடு வந்தது. ஒரு பல் விழுந்தால் பக்கத்துப் பல் ஆடும் இல்லையா, அதேபோல மற்றதெல்லாம் தானாகக் கழன்றது. அந்த அம்மா கலைத்த கலைப்பு மாறக் கூடாதே! எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று அச்சுப் பிசகாமல் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டேன். தொழில் சுத்தம்.

கழுவி, துடைத்து, எண்ணெய் தொட்டு மாட்டினேன். ஓடியது. ஆனால் ஒரு மூலையில் மட்டும் லேசாக இடறியது. பல்செட்டில் இப்படி இடறினால் நாங்கள் என்ன செய்வோம்? கடி பார்க்கும் நீலத்தாளை இடையில் வைத்து அழுத்துவோம். எங்கே மேடோ அங்கே நீலம் ஒட்டும். அதையே செய்தேன். மூலைத்துண்டின் பாதத்தில் இரண்டு நீலப் பொட்டு. ராவலாம் என்று அரத்தை எடுத்தேன். அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. அந்தத் துண்டை அதே குழியில் மூன்று விதமாகத் திருப்பி வைக்கலாம். திருப்பி வைத்துப் பார்த்தேன். அடடா! வாயில் வெண்ணெய் வைத்த மாதிரி உட்கார்ந்தது.

எது நன்றாக உட்காருகிறதோ அப்படியே விடு என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். நிறம் கொஞ்சம் மாறியது உண்மைதான். ஏற்கெனவே கலைந்து கிடக்கிற பொருள். அதில் ஒரு மூலை இப்படிப் பார்த்தால் என்ன, அப்படிப் பார்த்தால் என்ன?

இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவனுக்கு அதற்கு அடுத்த யோசனை வரவில்லை.

மறுநாள் காலை மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "என்ன மாப்பிள்ளை, இது இன்னைக்கு வழுக்கிட்டுப் போகுது! நல்ல சகுனம்." நான் அடக்கமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவர் பேச்சு நின்றது. பிறகு திருகும் சத்தம் மட்டும். மத்தியானமும் அதே. சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போகவில்லை. தலைவலி என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் கியூபைத் தொடவே இல்லை. பெரிய பாத்திரத்தை எடுத்து அடுப்பில் ஏற்றிக் கேரட் நறுக்கத் தொடங்கினார். அவர் துக்கப்படும்போது சூப்தான் வைப்பார். என் மனைவி கிளினிக்கை மத்தியான இடைவேளைக்குச் சாத்திவிட்டு மேலே வந்து, ஆவிக்கு நடுவே நின்றவரைப் பார்த்தாள்.

"அப்பா, என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. சாயங்காலம் போய் அந்த அம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அதான் யோசிச்சிட்டிருக்கேன்."

 அப்போதுகூட, பாவம் இவருக்கு நிஜமாகவே மறதி வந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் வரை அந்த அம்மா காத்திருக்கவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு, வெள்ளை மேல்கோட்டோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"என்ன கேப்டன், ரெண்டு நாளா ஆளையே காணோம்?" சமையல்காரன் என்று மாமா பலமுறை சொல்லியும் அந்த அம்மாவுக்கு அவர் கேப்டன்தான். "வெள்ளிக்கிழமை பயமா? பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, மாத்திரை தர்றேன்."

மாமா சிரிக்கவில்லை. கியூபை எடுத்து அவர் முன்னால் வைத்தார். எல்லாப் பக்கமும் நிறம் சேர்ந்திருந்தது. ஒரே ஒரு மூலை மட்டும் கோணலாகப் பார்த்தது.

"இது ஒண்ணைச் சரி பண்ணப் போனா, கீழே கட்டின ரெண்டு தட்டும் இடிஞ்சு போகுது. திரும்பக் கட்டினா திரும்ப இதே மூலை. இப்படி ஒரு மூலை மட்டும் தனியாத் திரும்பி நின்னு நான் பார்த்ததே இல்லைன்னு ஒரு ஞாபகம். ஆனா அந்த ஞாபகத்தையே நம்பலாமான்னு தெரியலை." கரண்டியைக் கீழே வைத்தார். "மூளை போகுதும்மா. நாளைக்கு வேணாம். உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்."

 என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்துக்கடை அம்மா கியூபைக் கையில் எடுத்து, காலாவதித் தேதி தேடுகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மருந்து கேக்கலைன்னு யாராவது வந்தா நான் முதல்ல மருந்தைத்தான் பார்ப்பேன். ஆளை அப்புறம்தான் பார்ப்பேன். இதுக்குள்ள என்ன இருக்கு?"

"உள்ளேயா? இது திறக்குமா என்ன?" என்றார் மாமா.

"நான் காட்டறேன்" என்றேன். துக்க வீட்டில் ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. மேல்தட்டைப் பாதி திருப்பி, கரண்டிக் காம்பால் நெம்பி, 'டக்'.

"பாருங்கம்மா. நடுவுல ஆறு கை உள்ள ஒரு அச்சு. ஒவ்வொரு கை நுனியிலயும் ஒரு திருகாணி, ஒரு ஸ்பிரிங், அதுமேல நடுத்துண்டு. இந்த ஆறு பேரும் வீட்டை விட்டு எங்கயும் போக மாட்டாங்க. நின்ன இடத்துலயே சுத்துவாங்க, அவ்வளவுதான். இது ஓரத்துண்டு. உள்பக்கம் ஒரு நாக்கு இருக்கு பாருங்க, அதை நடுத்துண்டுக்கு அடியில நுழைச்சு மாட்டிக்கும். இது மூலை. இதோட பாதத்தை ஓரத்துண்டுங்க அமுக்கிப் பிடிச்சுக்கும். மூலையை ஓரம் பிடிக்குது, ஓரத்தை நடு பிடிக்குது, நடுவைத் திருகாணி பிடிக்குது. பசையே கிடையாது. யாரும் யாரோடயும் ஒட்டலை, ஆனா ஒருத்தரை விட்டு ஒருத்தர் விழ முடியாது. உள்ளே எல்லாம் உருண்டையா வழிச்சு விட்டிருக்கு, அதான் எந்தப் பக்கம் திருப்பினாலும் வழி விடுது."

"தம்பி" என்றார் அந்த அம்மா, "முதல் தடவை திறக்கற ஆள் மாதிரி தெரியலையே?"

"கைராசிம்மா" என்று சொல்லிவிட்டு உற்சாகத்தில் தொடர்ந்தேன். "ஓரத்துண்டை ரெண்டு விதமா வைக்கலாம். மூலையை மூணு விதமா—"

என் வாய் தானாக நின்றது. நான் சொன்னது என் காதிலேயே வந்து விழுந்தது.

என் மனைவி மூலைத்துண்டை என் விரலிலிருந்து பிடுங்கினாள். பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு நீலப் பொட்டு.

"ஏங்க. இது நம்ம கடித்தாள் நீலம் இல்ல?"

"அப்படியா?" என்றேன். எனக்கு அப்பாவி முழி சரியாக வராது என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"கப்பல்ல போன பொம்மைக்கு யாருங்க கடி பார்த்தது?"

"லேசா இடறிச்சு. திருப்பி வச்சேன். நல்லா உட்கார்ந்தது." இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் தரையைப் பார்த்தேன்.

மாமா என் கையிலிருந்து கியூபையும் மகள் கையிலிருந்து மூலையையும் வாங்கினார். துண்டை ஒரு படி திருப்பி, குழியில் வைத்து, ஓரத்துண்டையும் கட்டைவிரலால் அழுத்தி மாட்டி, தட்டை நேராகத் திருப்பினார். 'டக்'. ஆறு பக்கமும் ஆறு நிறம்.

"அப்போ ஒரு மூலை மட்டும் தனியாத் திரும்பாதுங்கறது..." என்றார் மெதுவாக.

"சரியாத்தான் ஞாபகம் வச்சிருக்கீங்க மாமா" என்றேன். "வெளியில எவ்வளவு திருகினாலும் திரும்பாது. உள்ளே எவனாவது கையை விட்டாத்தான் திரும்பும்."

"எவனாவது" என்றாள் என் மனைவி.

மாமாவுக்கு அப்போதும் திருப்தி வரவில்லை. "இது மாப்பிள்ளை கெடுத்தது, நான் மாட்டினது. கணக்குல சேராது. கலைச்சுக் குடுங்கம்மா."

அந்த அம்மா திரும்பி நின்று, இரக்கமே இல்லாமல் கலைத்தார். மாமா வாங்கினார். முதலில் தயங்கித் தயங்கித் திருகினார். ஒரு தட்டு சேர்ந்ததும் கை வேகம் பிடித்தது. இரண்டாவது தட்டு. கடைசித் தட்டில் இரண்டு மூலை கோணலாக நின்றன. அவர் அவற்றைப் பார்த்துத் தெரிந்தவர்களைக் கண்ட மாதிரி தலையசைத்தார். நான் மூச்சு விடாமல் நின்றேன். நான் மூச்சு விட்டால்கூட ஏதாவது கெட்டுவிடும் என்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். கடைசித் திருகலில் கியூப் முழுசாகி மேசையில் உட்கார்ந்தது.

"மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. "அது சரியா இருந்தாத்தான் கல்யாணம்னா, தம்பிக்கு யாரு பொண்ணு குடுத்தது?"

"நான்தான்" என்றார் மாமா.

"அன்னைக்குத்தான் உங்களைப் பரிசோதிச்சிருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி கேப்டன். இன்னைக்குத் தம்பி புண்ணியம். என்னைக்காவது நிஜமாவே முடியாமப் போச்சுன்னு வைங்க. அப்போ?"

மாமா கியூபை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அதைத் திரும்பக் கழட்டுங்க. முழுசா. எனக்குச் சொல்லிக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"அன்னைக்கு நான் கழட்டி, நிறம் பார்த்து மாட்டி, இவர் கையில குடுத்துடுவேன். இவர் முடிச்சதா நினைச்சுக்கட்டும்."

"அது ஏமாத்து வேலை" என்றார் மாமா.

"ஆமா. அப்புறம் எதுக்குங்க ஒரு ஆளைக் கல்யாணம் பண்ணிக்கறது? பேரைக் கேட்டாலும் சொல்லுவேன். தினமும் மருந்துப் பேர் சொல்ற வாய்தானே, என் பேரைச் சொன்னா தேய்ஞ்சா போகும்?"

மாமா சட்டென்று எழுந்து அடுப்புப் பக்கம் போய்ச் சூப்பைக் கிளறினார். கிளறிக்கொண்டே இருந்தார். ஆவி கண்ணில் படுகிறது என்றார். அடுப்பை என் மனைவி எப்போதோ அணைத்துவிட்டிருந்தாள்.

நான் கழற்றினேன். அந்த அம்மா மாட்ட ஆரம்பித்தார். மாத்திரை எண்ணிப் பழகிய விரல்கள். ஓரத்துண்டுகள் வரிசையாக ஏறின. கடைசித் துண்டில் மட்டும் பொறுமை போய்விட்டது. "அப்படி அழுத்தாதீங்க, தட்டைப் பாதி திருப்பிட்டு—" என்று மாமா ஓடி வருவதற்குள் அது பிய்த்துக்கொண்டு பறந்து, சுவரில் பட்டு, குளிர்பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"நான் எடுக்கறேன்" என்று நானும் மாமாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நீங்க தொடவே வேணாம் மாப்பிள்ளை" என்றார் மாமா.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே மத்தியான நோயாளி வந்து மணி அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் படியிறங்கும்போது மேலே குளிர்பெட்டியை நகர்த்தும் சத்தமும், "கேப்டன், இடுப்பு பத்திரம், நாளைக்குக் காலையில நேரா நிக்கணும்" என்ற குரலும் கேட்டன.