இருவருக்கும் ஒரே இருட்டு

1

பத்திரிகைக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. அதை எழுத உட்கார்ந்துதான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

‘மல்யுத்தத்தில் பார்க்கச் சகிக்காத விசேஷ ஆட்டங்கள்’ என்று தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். ஜப்பானில் நீகாட்டாவில் ஒரு சின்ன மல்யுத்தக் கம்பெனியில் யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. (ஆமாம், முன்கூட்டியேதான் எழுதுகிறோம். அதனால் அடி பொய் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வந்து எங்கள் ரிங் பலகையில் மல்லாக்க விழுந்து பார்க்கலாம். டிக்கெட் வேண்டாம்.)

விறுவிறுவென்று எழுதினேன். கம்ப ஆட்டம்: மூலையில் கம்பம் நட்டு உச்சியில் ஒரு சாட்டையைக் கட்டிவிடுவோம். முதலில் எடுப்பவர் அதை வைத்து மற்றவரை அடிக்கலாம். அவ்வளவு பெரிய உடம்பு கம்பம் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமலே இருங்கள். வேலி ஆட்டம்: ரிங்கைச் சுற்றி மற்ற வீரர்களை நிறுத்தி, வெளியே ஓடுகிறவரைப் பிடித்து உள்ளே தள்ளச் சொல்வோம். முன்வரிசைக்குக் காசு கொடுத்தவர் ஆட்டம் முழுக்க அந்த வீரர்களின் முதுகைத்தான் பார்ப்பார்.

எல்லாவற்றையும்விடக் கேடுகெட்டது கண்கட்டு ஆட்டம். இருவர் தலையிலும் முகமூடியை மாட்டிவிட்டால் ஒருவரையொருவர் தேடித் தடவிக்கொண்டு திரிவார்கள். பாய்ச்சல் கிடையாது, தூக்கிப் போடுவது கிடையாது. இதைப் பற்றி ஒரு பத்தி எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்த ஆட்டத்தைக் கேட்டு வாங்கிய ஒருத்தியை எனக்குத் தெரியும்.

2

அவள் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘தமாயோ கண் திறந்தபோது உலகம் ஒரு குழாய்க்குள் சுருங்கி’

வேண்டாம். மூக்கைச் சிந்தவைக்கும் தொடக்கம்.

‘வடக்கின் புயல் தமாயோ தன் வாழ்நாளின் மிகப் பெரிய சவாலை’

இது போஸ்டர். நான் எழுதிய போஸ்டரேதான், வெட்கக்கேடு.

‘யூகாரி மேல் கயிற்றிலிருந்து பாய்ந்தாள். தமாயோ பிடிக்கவில்லை.’

இது இருக்கட்டும்.

3

எங்கள் தொழிலில் பாய்கிறவள் தன் உடம்பை எதிராளியிடம் ஒப்படைக்கிறாள். கீழே நிற்பவள் அடி வாங்கியதுபோல் நடித்துக்கொண்டே அவளைப் பத்திரமாகத் தாங்கி இறக்க வேண்டும். தமாயோ பல வருஷமாக எல்லோரையும் அப்படித் தாங்கியவள். அன்று எங்கள் இளைய வீராங்கனை யூகாரி பக்கவாட்டிலிருந்து பாய்ந்தாள். தமாயோ நேராகப் பார்த்தபடி மரம்போல நின்றாள். யூகாரி தரையில் விழுந்ததில் தோள் கழன்றது.

வேண்டுமென்றே விட்டுவிட்டாள், சின்னவள் மேல் பொறாமை என்று ரசிகர்கள் பேசினார்கள். கம்பெனிக்குள்ளும் ஓரிருவர் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து ரிங்கைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது (ரிங்கை வீரர்களேதான் பூட்டுவார்கள், பிரிப்பார்கள்) தமாயோ என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஓகாத்தா அண்ணே, கண்ணு போயிட்டிருக்கு.”

“என்னது?”

“ஓரத்துலேர்ந்து. நேரா நின்னா தெரியறீங்க. ரெண்டு அடி தள்ளி நில்லுங்க, காணாம போயிடுவீங்க. எங்கப்பாவுக்கும் இதேதான். டாக்டர் நிக்காதுன்னுட்டார்.”

“அப்போ ஆட்டத்தை நிறுத்திடும்மா.”

“நிறுத்தறேன். ஆனா யூகாரி தோளைக் கழட்டிட்டுப் போனவன்னு பேர் வாங்கிட்டு நிறுத்த மாட்டேன். அவகூட இன்னொரு மாட்ச் வேணும். கடைசி மாட்ச்.”

“மறுபடியும் அவ பாஞ்சா?”

“யாருமே பாயாத மாட்ச் ஒண்ணு இருக்குல்ல?”

எனக்குப் புரிய நேரமாயிற்று. கண்கட்டு ஆட்டத்தைச் சொல்கிறாள்.

4

எங்கள் முதலாளி சுகவாரா நல்ல மனிதர். ஆனால் தெரியாத்தனமாகக்கூட ஆறுதல் சொல்லமாட்டார். யூகாரியின் தோள் தேறியதும் மூவரும் அவரிடம் போய்க் கண் விஷயத்தையும் கண்கட்டு ஆட்டத்தையும் சொன்னோம்.

“கண்கட்டு ஆட்டமா? அதுக்கு வாஷிங் மெஷின்ல துணி சுத்தறதைப் பாக்கலாம்யா. அதுல கொஞ்சம் சஸ்பென்ஸ் இருக்கு.”

“கடைசி மாட்ச் முதலாளி,” என்றாள் தமாயோ.

“கடைசி மாட்ச்னா பூங்கொத்து குடுக்கறேன், மணி அடிச்சு வழியனுப்பறேன், ஊரைக் கூட்டி விழா எடுக்கறேன். இது வேணாம்.”

“பூங்கொத்து வேணாம். யூகாரிதான் வேணும்.”

அவர் யூகாரியைப் பார்த்தார். “உனக்கு என்ன தலையெழுத்து? தோளைக் கழட்டினவகூட கண்ணைக் கட்டிட்டு நிக்கணும்னு?”

“அக்கா கேட்டா நிப்பேன்,” என்றாள் யூகாரி.

சுகவாரா கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “கூட்டம் சத்தமில்லாம செத்துப்போச்சுன்னு வை, நானே மணியடிச்சு முடிச்சிடுவேன். கெஞ்சக் கூடாது.”

“கெஞ்ச மாட்டேன்,” என்றாள் தமாயோ.

5

[இங்கே ஒரு தொழில் ரகசியம். கண்கட்டு ஆட்டத்தில் மாட்டும் முகமூடிக்குள்ளிருந்து வெளியே தெரியும். கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல. குருடர்களைப்போல நடிப்பார்கள், அவ்வளவுதான். சொன்னதற்கு என்னைக் கம்பெனியிலிருந்து துரத்தினால் துரத்தட்டும்.]

தமாயோ அந்த முகமூடியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது வேணாம். இதைப் போட்டா யூகாரிக்கு எல்லாம் தெரியும், எனக்குக் கொஞ்சங்கூடத் தெரியாது. அவ என்னைப் பாத்துப் பாத்து விட்டுக்கொடுப்பா. கெட்டித் துணியில தையுங்க. அவளுக்கும் எனக்கும் ஒரே இருட்டா இருக்கட்டும்.”

“அப்புறம் நான் எழுதற முடிவை எப்படி ஆடிக் காட்டுவீங்க?”

“எழுதாதீங்க.”

வயிற்றெரிச்சலாக இருந்தது, ஒளிப்பானேன். எழுதுகிறவனிடம் எழுதாதே என்றால் பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாதாடத் தோன்றவில்லை. கெட்டித் துணியே வாங்கினேன்.

யூகாரி போட்டுப் பார்த்தாள். “அக்கா, பயமா இருக்கு.”

“நல்லது. கால் வழியா கேளு. யார் நடந்தாலும் பலகை லேசா அதிரும். நான் இப்பல்லாம் அதை வெச்சுத்தான் ஓட்டறேன்.”

6

இந்த இடம்வரை எழுதியதைத் தமாயோவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“என்ன அண்ணே, என்னைப் பாவமா எழுதிட்டீங்க?”

“எங்கே பாவம்?”

“எல்லா இடத்துலயும். நான் அவ்வளவு நல்லவ இல்ல. சுகவாராவை அன்னிக்கு மனசுக்குள்ள எப்படித் திட்டினேன் தெரியுமா? அதை எழுதுங்க.”

“அச்சுல வராத வார்த்தையா இருக்கும்.”

“அப்போ ஒரு கோடு போட்டு விடுங்க. படிக்கறவங்க நிரப்பிக்குவாங்க.”

ஆகவே: ______.

(கதாபாத்திரம் கதையைத் திருத்தும் இந்த வித்தையெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஆனால் இவள் கதாபாத்திரம் மட்டும் இல்லையே. போனில் அதட்டுகிறாளே, நான் என்ன செய்ய?)

7

ஆட்டம் கடலோர ஊர் ஒன்றின் நகராட்சிக் கூடத்தில் நடந்தது. ஜனங்கள் வழக்கப்படி வாசலில் கூடத்துச் செருப்புக்கு மாறி, தங்கள் ஷூவைப் பைகளில் போட்டு மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தமாயோவின் கண் விஷயம் அவர்களில் யாருக்கும் தெரியாது. சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு.

கண்கட்டு ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பது கூட்டந்தான். முகமூடி போட்டவர் ஒரு பக்கம் கையை நீட்டுவார், ‘இங்கேயா?’ என்பதுபோல. எதிராளி அங்கே இருந்தால் ஜனங்கள் கத்துவார்கள். இல்லையென்றால் முனகுவார்கள். கை திசை மாறும். அந்தக் கூச்சலுக்காகத்தான் இந்தப் பாழாய்ப்போன ஆட்டத்தையே கண்டுபிடித்தார்கள்.

நான் கணக்கில் எடுக்காதது அந்த ஊர் ஜனங்களின் மரியாதையை. மணி அடித்ததும் கூடமே கப்சிப்பென்று ஆயிற்று. எனக்குப் பின்னால் ஒரு நடுவயதுக்காரர் மனைவியிடம் கிசுகிசுப்பதைக் கேட்டேன்.

“சொல்லிடாதே. கண்ணைக் கட்டியிருக்காங்க. நாம சொல்லிக் குடுத்தா ஏமாத்தறது மாதிரி ஆயிடும்.”

எல்லோரும் அப்படியே நினைத்தார்கள்போல. நியாயமாக நடக்க வேண்டும் என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையோரத்தில் மணியருகே இருந்த சுகவாராவுக்குக் கூட்டம் செத்துப்போனதாகத்தான் பட்டது. எங்கிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

தமாயோ தொடக்கத்தில் காலால் கேட்டு இரண்டு முறை யூகாரியைப் பிடித்தாள். சுத்தமான பிடி. முதல் தடவை யூகாரியின் தோள் கைக்கு வந்ததும் சட்டென்று பிடியை இடுப்புக்கு மாற்றினாள். யூகாரி உருவிக்கொண்டு போய் ஒரு மூலையில் அசையாமல் நின்றுவிட்டாள். அது பயமா, தந்திரமா, எனக்குத் தெரியாது. பலகை அதிரவில்லை. தமாயோ நடு ரிங்கில் தனியாக நின்றாள்.

சுகவாரா மணியடிக்கும் சுத்தியலை எடுத்தார்.

தமாயோ கையை நீட்டினாள்.

8

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். முதலாவதில் கூடம் வெடித்துக் கத்துகிறது, அவள் ஜெயிக்கிறாள். இரண்டாவதில் மணி அடிக்கிறது. மூன்றாவதில் யூகாரி மனமிரங்கித் தானாகவே பலகையைக் காலால் தட்டுகிறாள். மூன்றாவதைப் படித்துக் காட்டியபோது தமாயோ போனை வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தபோது சொன்னாள்:

“ஜெயிச்சேன்னு எழுதினா, கண்ணு தெரியாதவளுக்குப் பாவப்பட்டுக் குடுத்ததும்பாங்க. தோத்தேன்னு எழுதினா, பாவம்பாங்க. ரெண்டும் வேணாம் அண்ணே. நான் நின்ன இடத்துல நிறுத்திடுங்க.”

நடந்தது எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். உங்களிடம் சொல்லப்போவதில்லை. பத்திரிகைக்காரர்கள் முடிவு இல்லாவிட்டால் போடமாட்டோம் என்கிறார்கள். போடாமல் போகட்டும், இப்படியேதான் கொடுப்பேன்.

நீங்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஷூப் பை மடியில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் மூச்சு விடவில்லை. சுத்தியல் மேலே போய்விட்டது. யூகாரி எந்த மூலையில் நிற்கிறாள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றும் உங்களுக்குத் தெரியும், தமாயோவின் கண்கள். அதை மனதில் வைத்துக் கத்தினால் அவள் உங்களை மன்னிக்கமாட்டாள். அவள் ஆடுவது பிடித்திருந்தால் மட்டும் கத்துங்கள்.

அவளுடைய கை ஒவ்வொரு பக்கமாக மெதுவாகத் திரும்பி வருகிறது. அவள் அதை இறக்கமாட்டாள்.