துண்டுக்கு அடியில் கம்ப்யூட்டர்

எங்கள் மண்டிக் கம்ப்யூட்டரில் யாரும் போடாத ஒரு பிரவுசர் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்துகொண்டு வந்துவிட்டது. நாங்கள் இன்டர்நெட்டுக்கு வேறொன்றைத்தான் வைத்திருந்தோம். ஆனாலும் காலையில் சுவிட்சைத் தட்டினால் சிவ பூஜையில் கரடியாக முதலில் வந்து நிற்பது அதுதான். ஊரில் மழை வருமா, தங்கம் என்ன விலை என்று கேட்காத சேதியெல்லாம் சொல்லும். ஒரு நாள், 'உங்கள் மற்ற பிரவுசரில் இருந்ததை எல்லாம் இங்கே கொண்டுவந்துவிட்டேன்' என்று அதுவே பெருமையாக அறிவித்தது. யாரைக் கேட்டு எடுத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி பொங்கியண்ணன் கண்ணில் பட்டது அதற்கு அடுத்த வாரம்.

"அம்மணி, இவன் ஆரு?" என்றார்.

"கூடவே வந்ததுங்கய்யா. நாம போடலீங்க."

"நாம போடாம எப்படி உள்ள வந்தான்?"

அன்றிலிருந்து அது எங்கள் மண்டியில் 'அவன்' ஆகிவிட்டது.

பொங்கியண்ணனுக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி. நான் லோகப்பிரியா, காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்து கணக்குப் பார்ப்பவள். அவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் இல்லை. பால் பாக்கெட்டைக் கையில் வாங்கினால் மூன்று தரம் திருப்பிப் பார்ப்பார். மண்டி வைப்பதற்கு முன்பு அவர் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசியே வளர்ந்தவர். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தத் துண்டு போகவில்லை. பாக்குத் தோப்புக்காரர்கள் குத்தகைக்கு மெயிலில் விலை கேட்பார்கள். யார் அதிகம் சொல்கிறார்களோ அவர்களுக்குத் தோப்பு. அந்த விலையை அனுப்பும் நாளில், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டுவிடுவார். நான் அதற்குள் தலையை நுழைத்து, வேர்க்க வேர்க்க டைப் அடிக்க வேண்டும். லோடு இறக்க வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இத்தனை மூடியும் கல்லாறுப் பக்கத்தில் ஒரு தோப்பு கைவிட்டுப் போனது. காளிச்சாமி என்கிற இன்னொரு வியாபாரி எங்களைவிடச் சரியாகப் பத்தாயிரம் கூடச் சொல்லி எடுத்துவிட்டார். சரி, யோகம் என்று விட்டோம். அடுத்த தோப்பும் அதே பத்தாயிரத்தில் போனது. அது யோகம் இல்லை.

பொங்கியண்ணன் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"விலை எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். இந்தப் பொட்டிக்குத் தெரியும். நாஞ் சொல்லலை கண்ணு."

அதோடு நிறுத்திக்கொண்டார். பெட்டி திருடவில்லை என்றால் பாக்கி இருப்பது நான்தான். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி 'வேலை பார்த்த இடத்தில் சேதியை வித்துப்போட்டாளாம்' என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும். அப்புறம் எந்த மண்டியிலும் எந்த மில்லிலும் நாற்காலி கிடைக்காது. அந்தப் பிரவுசரை ஒழித்துக்கட்டுவதில் அன்றைக்கு அவரைவிட எனக்குத்தான் அவசரம்.

முதலில் நானே பார்த்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் 'நீக்கு' என்கிற பட்டன் இருந்தது. அதற்கு மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எத்தனை அமுக்கினாலும் அசையவில்லை.

"போகச் சொன்னா போக மாட்டேங்கறானா?" என்று பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார். "அப்ப சும்மா வந்தவன் இல்ல. சோலியாத்தான் வந்திருக்கறான்."

ஊட்டி ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மதன்குமாரை வரச் சொன்னோம். வந்ததும் வராததுமாக அவருடைய செல்போனை வாங்கி, அணைத்து, டிராயரில் வைத்துப் பூட்டினார் பொங்கியண்ணன். மதன்குமார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மதன்குமார் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து நாலு வரி டைப் அடித்தார்.

"ஏனுங்க தம்பி, மந்திரமுங்களா?"

"இல்லீங்க. அதைப் போகச் சொல்லி உத்தரவு போடறனுங்க."

"போடறதைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே போடுங்க."

பாவம், அந்த மனிதர் இங்கிலீஷில் கோடும் புள்ளியுமாக இருந்ததை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடித்தார். பிரவுசர் போய்விட்டது. பொங்கியண்ணன் வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வீசினார்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் தானே அப்டேட் ஆகி எழுந்தது. கீழே வலது பக்கம், போன இடத்திலேயே, அவன் உட்கார்ந்திருந்தான். 'மீண்டும் வருக' என்று எங்களையே வரவேற்றான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொன்னால், எனக்கே இப்போது அதன் மேல் பலமான சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றும் இல்லாத ஒருவன் எதற்கு இப்படித் திரும்பத் திரும்ப வருகிறான்? துண்டுக்குள் நான் விலையை அடித்த அன்று, 'இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று ஒரு கட்டம் கேட்டது ஞாபகம் வந்தது. அது அவன் கேட்டதா, நாங்கள் வைத்திருந்தது கேட்டதா என்று நினைவில்லை. நான் அவன் தலையில்தான் கட்டினேன்.

மதன்குமார் மறுபடியும் வந்தார். இந்த முறை செல்போனை அவரே டிராயரில் வைத்துவிட்டார். பிரவுசரை எடுத்து, அது திரும்ப வருகிற வழியையும் அடைத்தார். "இனி வராதுங்க. ஆனா பெரிய அப்டேட் ஏதாச்சும் வந்தா மட்டும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

மூன்றாவது தோப்பு வந்தது. பெரிய தோப்பு. துண்டு போட்டோம், விலை அனுப்பினோம். காளிச்சாமிக்குக் கிடைத்தது. பத்தாயிரம் கூட.

அன்று சாயங்காலம் பொங்கியண்ணன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "வாங்க, உக்காருங்க. டீ சாப்புடறீங்களா?" என்றார். இத்தனை வருஷமாக 'வா கண்ணு' என்று கூப்பிட்டவர். எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று ஊரெல்லாம் மெச்சுவார்கள். அந்த மரியாதையை வைத்தே ஒரு ஆளைத் தெருவில் நிறுத்தவும் தெரியும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். டீயை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

மத்தியானம் வரை 'வாங்க', 'குடுங்க', 'பாருங்க'தான். லோடுமேன்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். கடைசியில் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை கருப்பராயன் கோவிலுக்குப் போறனுங்க. நீங்களும் வந்தீங்கன்னா, ஒரு சூடத்தை அடிச்சுச் சொல்லிப்போடலாம். நம்ம மனசுத் திருப்திக்குத்தானுங்க."

கொளுத்திய சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். என் அம்மாவுக்குத் தெரிந்தால் மண்டிக்கு வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மடியில் கனமில்லை, வழியில் எனக்கென்ன பயம் என்று, "வாரனுங்க" என்றேன்.

கோவில் பவானி ஆற்றோரத்தில். அவர் எப்போதும் தனியாகத்தான் அங்கே போவார். நான் போவது அதுதான் முதல் தடவை. நாங்கள் காரை விட்டு இறங்கும்போது பூசாரி போனில் "வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அதை இடுப்பில் செருகினார். யாரிடம் சொன்னார் என்று ஒரு நொடி தோன்றியது. கோவிலுக்குப் போன இடத்திலும் சந்தேகமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தட்டில் சூடம் எரிந்தது. "இந்த மண்டி சேதி ஒண்ணை நான் வெளிய சொல்லியிருந்தா, இந்தக் கை அழுகிப் போகட்டும்" என்று சொல்லி ஓங்கி அடித்தேன். தேவைக்கு மேலேயே ஓங்கி. உள்ளங்கையில் கரியோடு சுரீர் என்று சுட்டது. பொங்கியண்ணன் என் கையைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவருடைய சோலி ஆரம்பமானது. அடுத்து சிறுமுகைப் பக்கத்தில் ஒரு தோப்புக்கு விலை அனுப்ப வேண்டியிருந்தது. பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் குலுக்கிப் போட்டார். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். பொங்கியண்ணன் கைகூப்பிக்கொண்டு, கோவில் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"அப்பா, கருப்பராயா! சிறுமுகைத் தோப்புக்குப் பதினெட்டரை லட்சம் போடலாம்னு இருக்கறேன். சரீன்னா வெள்ளைப் பூக் குடு!"

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். "ஏனுங்கய்யா, இப்படிச் சத்தமாவா கேப்பீங்க?"

"முணுமுணுத்தா சாமி வாக்குக் குடுக்காதுங்க. வாய் விட்டுக் கேக்கோணும்."

"ஒவ்வொரு தோப்புக்குமா?"

"பூக் கேக்காம நான் எந்தத் தோப்பு எடுத்தனுங்க?"

வெள்ளைப் பூ வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். பூ வாங்கியவன் மண்டிக்குப் போய்ச் சேரும் வரை திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது அவர் வைத்திருக்கும் நியதி. நான் கரிக் கையைக் கழுவலாம் என்று பக்கத்துக் குழாயடிக்குப் போனேன்.

குழாயைத் திறக்கும் முன்பே பின்பக்க வாசல் வழியாக ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பூசாரி எதுவும் கேட்காமலேயே அடுத்த இரண்டு பூக்களை மடிக்க ஆரம்பித்தார். வந்தவர் கண்ணை மூடி, பக்தி சிரத்தையாக, அவரும் வாய்விட்டே கேட்டார்.

"அப்பனே, பதினெட்டரைக்கு மேல பத்தாயிரம் போட்டுக்கறனுங்க. உத்தரவு குடுங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மானிட்டருக்குத் துண்டு போட்டு, மதன்குமாரின் போனைப் பூட்டி, ஒரு பிரவுசரை இரண்டு முறை கொன்று, என் கையைச் சுட வைத்த மனிதர், ஒவ்வொரு விலையையும் ஊர் கேட்க இங்கே கூவிவிட்டுப் போயிருக்கிறார். நான் வெளியே ஓடினேன்.

"ஏனுங்கய்யா, நில்லுங்க! திரும்பிப் பாருங்க!"

அவர் நின்றார். திரும்பவில்லை. "பூ வாங்கிட்டுத் திரும்பக் கூடாதுங்க."

"பாவம் வந்தா எனக்கு வரட்டும். இப்பப் பாக்கலீன்னா நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பினார். சன்னதியில் காளிச்சாமி வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கொஞ்சமும் அசரவில்லை.

"அடடே, வாங்கண்ணே! சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க" என்றார் பொங்கியண்ணன். பூசாரி விளக்குத் திரியைத் தூண்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

காரில் ஏறினோம். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. சிறுமுகை ரோடு திரும்பும்போது வாயைத் திறந்தார்.

"அந்த விலையை அனுப்ப வேண்டா கண்ணு. வேற போட்டுக்கலாம்."

'கண்ணு' திரும்ப வந்துவிட்டது. அவ்வளவுதான் வந்தது.

"என்னைச் சந்தேகப்பட்டீங்களேய்யா" என்றேன்.

"நானா? நான் உன்னைய ஒரு வார்த்தை சொன்னனா? சொல்லு பாக்கலாம்."

சொல்லவில்லைதான். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லாத பழியை எங்கே போய்த் திருப்பி வாங்கச் சொல்வது?

மண்டியில் மதன்குமார் பிரிண்டரைச் சரி செய்துகொண்டிருந்தார். லோடுமேன்கள் வாசலில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். மதன்குமார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏனுங்க, ஒரு பெரிய அப்டேட் வந்திருச்சுங்க. அந்தப் பிரவுசர் மறுபடியும் வந்து உக்காந்துருச்சு. எடுத்துப்போடட்டுங்களா?"

பொங்கியண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். கீழே மூலையில் அது இருந்தது. விலை அனுப்புவதற்காகக் காலையிலேயே மானிட்டர் தலையில் போட்டு வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகம் இளகியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"வேண்டா தம்பி, உடுங்க" என்றார், வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. "அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நாமதான் அநியாயமாப் பழி போட்டுட்டோம். பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

லோடுமேன்கள் தலையாட்டினார்கள். அவர் வேறு ஏதாவது சொல்வாரா என்று நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

மேஜை சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சோற்றுப் பையை மாட்டிக்கொண்டேன். தினமும் கிளம்பும்போது 'வாரனுங்கய்யா' என்பேன். வீட்டை விட்டோ கடையை விட்டோ கிளம்புகிற எவரும் எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள்.

"போறனுங்க" என்றேன்.

வெற்றிலை மடித்த கை நின்றது. "வாரேன்னு சொல்லு கண்ணு" என்றார்.

நான் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.