டேரில் முழிச்சிருக்கான்

புதன்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல். வாரம் முழுக்க பனியனோடு ஆபிசில் உட்கார்ந்திருக்கிற டேரில், புதன்கிழமை காலையில் மட்டும் மாப்பிள்ளை ஆகிவிடுவான். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு ஜெல், வீடெல்லாம் சென்ட் வாசம். ஜாலான் மெக்கலிஸ்டர் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் இந்திய வியாபாரிகளின் காலைக் கூட்டம். நாசி லெமாக் சோற்றையும் ஆறிப்போன காப்பியையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் தொழிலை இன்னொருவர் புகழ்வார்கள். ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலிதான். வக்கீல் ஒருவர், காப்புறுதிக்கு ஒருவர், கல்யாணச் சமையலுக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு டேரில். ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும். யாருக்காவது வேலை இருந்தால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கைமாறும். வெளியே போகக் கூடாது.

டேரில் என் புருஷன். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்து, நாலு வருஷம் சண்டை போட்டு, அப்புறம் கல்யாணம் செய்துகொண்டோம். 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. லெபோ பிஷப் தெருவில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் எங்கள் ஆபிஸ். சின்னத் தொழிற்சாலைகள், கிளினிக்குகள், இப்படிப்பட்ட இடங்களில் என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம், எதை எப்படி இணைக்கலாம் என்று ஆலோசனை சொல்வோம், பிறகு அதையெல்லாம் பார்த்துக்கொள்வோம். 'வோம்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வேலையை நான் பார்ப்பேன். பேச்சை அவன் பார்ப்பான்.

அந்த ஒரு நிமிடப் பேச்சை அவன் வருஷக்கணக்கில் மாற்றவே இல்லை. "குட் மார்னிங், வணக்கம், நான் டேரில். உங்க சர்வர் படுத்தா உங்க வியாபாரமும் படுத்துக்கும். அப்புறம் உங்களுக்கு எங்க தூக்கம் வரும்? கவலப்படாதீங்க லா. நீங்க தூங்குங்க. ஏன்னா..." என்று நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்குவான். மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தும்: "டேரில் முழிச்சிருக்கான்!"

அட பாவிகளா, முழித்திருந்தவள் நான். சர்வர் படுத்தால் எழுந்து ஓடுகிறவள் நான். இவன் குறட்டை விடுகிற சத்தம் பக்கத்து வீட்டு சீனக் கிழவிக்குக்கூடக் கேட்கும். எத்தனையோ தடவை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், அந்தக் கண்றாவிப் பேச்சை மாற்றித் தொலை என்று. "லீனா, பேச்சு மாறுனா ஆளு மாறிட்டான்னு நெனச்சிக்குவாங்க" என்று சிரிப்பான்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேட்ரிக்கிடம் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். பேட்ரிக் காப்புறுதி ஏஜெண்டு, அந்தக் காலைக் கூட்டத்துக்குத் தலைவர். ஜோக்கின் முடிவுக்காக அவர் சிரித்த முகத்தோடு காத்திருக்க, டேரில் பாதியில் நின்றான். வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே பேட்ரிக்கின் தோளில் சாய்ந்துவிட்டான்.

உயிர் தப்பியது. கை கால் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. எல்லாம் புரிகிறது, டிவியில் செய்தி பார்த்து முகம் சுளிக்கிறான், நான் கணக்கில் தப்பு விட்டால் விரலால் தட்டிக் காட்டுகிறான். ஆனால் தண்ணி என்று கேட்க முடியாது. லீனா என்று கூப்பிட முடியாது. வாயைத் திறந்தால் ஒரு மூச்சு வரும், முகம் சிவக்கும், அவ்வளவுதான்.

அவன் நாற்காலி காலியாகக் கூடாது என்று புதன்கிழமைகளில் நான் போனேன். உடம்பு முடியாதவர் தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பலாம், விதியில் இடம் உண்டு. நான் எழுந்து நின்று போனைப் பார்த்துப் படித்தேன். ஃபயர்வால், பேக்கப் என்று நான் சொல்லச் சொல்ல எல்லோரும் என்னை வீட்டில் துக்கம் நடந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். முடிந்ததும், "டேரில் எப்படிக்கா இருக்காரு? ஜெபத்துல வச்சிருக்கோம்" என்றார்கள். ஜெபத்தில் வைத்தார்கள், வேலை எதையும் கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் தன் மருமகளின் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தார். நான் ஹோட்டல் கழிப்பறையில் போய் நின்று நன்றாக ஒரு பாட்டம் திட்டிவிட்டு வந்தேன்.

எங்களைத் தாங்கிப் பிடித்திருந்தது சிம்பாங் அம்பாட்டில் இருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. அது போனால் ஆபிஸைப் பூட்டிச் சாவியைக் கடைவீட்டுச் சொந்தக்காரனிடம் கொடுக்க வேண்டியதுதான். ஒப்பந்தம் முடிகிற சமயம். அங்கே மேனேஜர் பழனியப்பன், நல்ல மனிதர், இதே கூட்டத்துக்கு விருந்தாளியாக வந்தபோது டேரில் பிடித்த ஆள். நான் போன் போடும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"புதுப்பிச்சிடலாம் மேடம், பிரச்சன இல்ல. டேரில் வரட்டும். அவர்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு சைன் பண்ணிடறேன்."

ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் மெழுகுவர்த்தி மேல் மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அது வந்தது. ஒரு காலையில் நான் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தவனுடைய குரல் கேட்டது. "குட் மார்னிங், வணக்கம், நான் டேரில். உங்க சர்வர் படுத்தா..." தெளிவாக, ஒரு எழுத்து குழறாமல். கரண்டியை எங்கே போட்டேன் என்றே தெரியாது. ஓடினேன். கண்ணாடிக்கு முன்னால் பாதி முகத்தில் நுரையோடு நின்று அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். "டேரில் முழிச்சிருக்கான்!" என்று நான்தான் கத்தினேன். கட்டிப்பிடித்து அழுதோம். முட்டை கருகி வீடெல்லாம் புகை.

"லீனான்னு சொல்லு" என்றேன். வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது.

பரவாயில்லை, வரும் என்று நினைத்தேன். பேட்ரிக்குக்குப் போன் போட்டேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. எனக்கு வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் நூருல் ஹுதா. நான் மூச்சு விடாமல் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் விளக்கினார். சொல்லிச் சொல்லிப் பழகியதை நாக்கு தானாகச் சொல்லும். சிலருக்கு ஜெபம் வரும், சிலருக்குப் பாட்டு வரும். அதை டேரில் பேசவில்லை, அது அவர் வழியாக ஓடுகிறது. நினைத்ததைச் சொல்வது வேறு. "ஆனாலும் இது நல்லது, கக்" என்றார், அக்கா என்று கூப்பிடுகிற மாதிரி. "இது ஒரு கதவு. இதில் ஒரு சொல்லை மாற்றுவோம், அப்புறம் இன்னொன்று. அவசரப்படாதீங்க. ஊருக்குக் காட்டாதீங்க."

நான் வீடு வருவதற்குள் பேட்ரிக் ஊருக்குக் காட்டிவிட்டார். கூட்டத்து வாட்ஸாப்பில் கைகூப்பல், கண்ணீர், பூ, கொடி. அன்று மாலையே போன் வந்தது.

"லீனா, புதன்கிழம டேரில கூட்டிட்டு வா. பழனியப்பன் அண்ணன் விருந்தாளியா வர்றாரு. நான்தான் கூப்பிட்டேன்."

"அண்ணே, அவனுக்கு அது ஒன்னுதான் வருது. டாக்டரம்மா வேணாம்னாங்க."

"ஐயோ, அந்த ஒன்னு போதும் லா! ஒரு நிமிசம் இப்படிப் பேசறவன் மத்தது பேசமாட்டானா? நாங்கல்லாம் அந்த ஒரு நிமிசத்த வச்சுத்தானே ஆள எடை போடறோம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் டேரில் அலமாரியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்து வெளியே மாட்டிக்கொண்டிருந்தான்.

"வேணாம்" என்றேன். அவன் சட்டையைக் காட்டினான். "பழனியப்பன் ஏதாச்சும் கேட்டா என்ன செய்வ?" என்றேன். நெஞ்சைத் தட்டிக் காட்டினான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவன் கண்ணில் பழைய திமிர் இருந்தது. எத்தனை மாதமாயிற்று அதைப் பார்த்து! எனக்கும் ஆசைதான். ஒப்பந்தம் வேண்டும் என்ற ஆசை, பொய் சொல்வானேன். சரி என்றேன்.

புதன்கிழமை அவன் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கட்டிப்பிடித்தார்கள், முதுகில் தட்டினார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு அவன் சிரித்துத் தலையாட்டினான், அவர்களும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. பழனியப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டேரிலின் முறை வந்தது. எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"குட் மார்னிங், வணக்கம், நான் டேரில்."

அவன் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், கைகளைத் தூக்கினான். கூட்டம் கூரை அதிரக் கத்தியது. சமையல்காரர் சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கத்தினேன். நூருல் ஹுதா சொன்னதெல்லாம் அந்த நிமிடம் பொய்யாகிவிட்டது போல எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

பழனியப்பன் எழுந்து டேரிலின் கையைப் பிடித்தார். "ரொம்ப சந்தோசம் டேரில். எப்ப நம்ம பேக்டரிக்கு வரீங்க?"

டேரில் அவரையே பார்த்தான். பதில் அவனிடம் இருந்தது, எனக்குத் தெரியும், அவன் முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"குட் மார்னிங், வணக்கம், நான் டேரில். உங்க சர்வர் படுத்தா..."

தமாஷ் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். முடிவில் மறுபடியும் கத்தினார்கள். பழனியப்பனும் சிரித்தார். "அது சரி லா, ஆளு மாறவே இல்ல! அடுத்த வாரம் வர முடியுமா? அதச் சொல்லுங்க."

டேரில் தலையைப் பலமாக ஆட்டினான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குச் சொல்ல வேண்டும். வருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். நெற்றியில் நரம்பு புடைத்தது.

"குட் மார்னிங், வணக்கம், நான் டேரில்..."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் நிறுத்தப் பார்த்தான், அது நிற்கவில்லை. படுத்துக்கும், தூக்கம் வரும், கவலப்படாதீங்க லா என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருக்க, அவன் கண்கள் மட்டும் என்னைத் தேடின. கைகள் தாமாக மேலே போயின. "டேரில் முழிச்சிருக்கான்" என்று பேட்ரிக் ஒருவர் மட்டும், டேரில் அவமானப்படக் கூடாதே என்று, சின்னக் குரலில் சொன்னார். நான் ஓடிப்போய் அவன் கைகளை இறக்கி, பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

அவனைக் காடியின் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால் பழனியப்பன் பின்னாலேயே வந்திருந்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். நான் கேட்டிருக்கக் கூடாது."

"ஒப்பந்தம்?" என்றேன். வேறென்ன கேட்பது?

"ஹெட் ஆபிசுல கேப்பாங்க, யாரு பொறுப்புன்னு. நான் என்ன சொல்றது?"

எனக்கு வந்ததே கோபம். "என்னச் சொல்லுங்க! உங்க சிஸ்டம் படுத்தப்பல்லாம் வந்து எழுப்புனது யாரு? உங்க ஆளுங்கள கேட்டுப் பாருங்க. டேரிலுக்கு உங்க சர்வர் ரூம் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது!"

"தெரியும் மேடம். வேல நீங்கதான் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும்." அவர் தரையைப் பார்த்தார். "ஆனா உங்கள எனக்குத் தெரியாதே."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நான் காடிக் கதவைத் திறந்து ஏறினேன். கண்ணாடி இறங்கியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் டேரில் கேட்டிருக்கிறான். சர்வர் ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாது என்றதையும்.

"டேரில், நான் கோவத்துல..." என்றேன். அவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். 'குட்' என்று தொடங்கியதும் தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கெலுகோரில் எங்கள் வீடு வரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

தொழிற்சாலை போனது. ஆபிஸைக் காலி செய்து சாமான்களையெல்லாம் வீட்டு ஹாலில் அடுக்கியிருக்கிறேன். கூட்டத்தில் கம்ப்யூட்டர் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று பேட்ரிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதெல்லாம் போகட்டும். சோறு எப்படியாவது கிடைக்கும், எங்கேயாவது சம்பளத்துக்குப் போவேன்.

அவன் அந்தப் பேச்சை அதற்கப்புறம் சொல்லவே இல்லை. நூருல் ஹுதா கெஞ்சிப் பார்த்தார். முதல் வரி போதும், அதிலிருந்து தொடங்கலாம் என்றார். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். பயிற்சி அறைக்கு வெளியே அவர் என்னிடம் சொன்னார், டேரிலுக்கு வேறு கதவு தனக்குத் தெரியவில்லை என்று.

நேற்று காலை அவன் சவரம் செய்துகொண்டிருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஒரே ஒரு தடவ சொல்லு டேரில். எனக்காகச் சொல்லு. நான் திட்டவே மாட்டேன்" என்றேன். அவன் திரும்பவில்லை. அப்போது நானே தொடங்கினேன். "குட் மார்னிங், வணக்கம், நான்..." அந்த இடத்தில் நிறுத்தி, அவன் பேரை அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான். நுரை ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினான்.