பெரிய டிரம் அடித்தவர்

“பேருக்குக் கீழ இன்னா போடணும்னு கேக்குறான்கா” என்றான் தம்பி நெல்சன். போனில் பேனர் கடைக்காரன் காத்திருந்தான். கூடத்தில் அப்பா இன்னாசியை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடியில் படியும் ஈரத்தை ஜூடி துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஹார்பர் ரிட்டையர்டுன்னு போடு” என்றாள்.

“ஹார்பர் கெடக்குது வுடு” என்றாள் அம்மா எல்சி. “இஸ்கோல் பேண்டுல பெரிய டிரம் அடிச்சவருன்னு போடுடா. முப்பத்தஞ்சு வருசம் ஹார்பருக்குப் போனாரு, ஒரு நாளு அத்தப் பத்திப் பேசிகீறாரா? அந்த மூணு வருசத்தத்தான் சொல்லிகினே கெடந்தாரு.”

பிறகு ஜூடியைப் பார்த்தாள். “வண்டி இஸ்கோல் வாசல்ல நிக்கணும். உன் மேடத்துக்குப் போன் போடு.”

அந்த அரசு உயர்நிலைப்பள்ளியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பழைய மாணவர் யார் இறந்தாலும், கல்லறைக்குப் போகும் வண்டி வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். ஓர் ஆசிரியர் இறந்தவர் யாரென்று சொல்வார். பேண்டு பிள்ளைகள் வாசிப்பார்கள். போன வருஷம் நூற்றாண்டு மலரில் இதைப் பற்றி இரண்டு பத்தி எழுதியவளே ஜூடிதான். பள்ளியில் அவள் சமூக அறிவியல் டீச்சர். மீன் கிடங்கில் நடந்த முதல் வகுப்பு, சாரணர் படை, பேண்டு ஆரம்பித்த டிரில் மாஸ்டர் என்று எல்லாவற்றையும் தேடித் தேடி எழுதினாள். ஊர் வரலாறு எழுதியவள் வீட்டு வரலாற்றில் கோட்டை விட்டாள்.

மலர் அச்சுக்குப் போகுமுன் அப்பா ஒரு நாள் அந்தத் தாள்களைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் எண்ணினார்.

“எம்பதாவது வருசம் பேண்டுல ஒம்போது பேருன்னு போட்டுகீற. பத்து பேருமா நாங்க.”

“பத்தாவது பாஸ் பண்ணவங்க பேரு மட்டுந்தான்பா போடணும். ரூலு.”

“ரூலா? அப்போ சரிமா.”

அப்படி ஒரு விதியே இல்லை. ஆசிரியர் அறையில் அவளோடு உட்கார்ந்திருந்தவர்களின் அப்பாக்கள் எல்லாம் ஆபீசர், தாசில்தார். தன் அப்பா இதே பள்ளியில் ஃபெயிலானவர் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜூடி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலைமையாசிரியை ஹெப்சிபா உடனே எடுத்தார்.

“இப்பதான் கேள்விப்பட்டேன் ஜூடி. கிளம்பிக்கிட்டே இருக்கேன்மா.”

“மேடம், எங்கப்பாவும் நம்ம ஸ்கூல்தான்.”

“அப்படியா? எந்த வருஷம்மா?”

“எண்பதாவது வருஷம். பாஸ் பண்ணல. பேண்டுல பெரிய டிரம் அடிச்சாரு. மலர்ல நான் பேர் போடல. பாஸ் பண்ணவங்க மட்டும்னு...”

“அப்படின்னு யாரும்மா சொன்னது?”

“நானாத்தான் மேடம்.”

“நூற்றாண்டு விழா அன்னிக்கு பழைய பேண்டு ஆளுங்க மூணு பேர்தானே வந்தாங்க? பெரிய டிரம்முக்கு ஆளில்லாம பி.டி. மாஸ்டரே அடிச்சாரு! உங்கப்பா அங்கதானே இருந்தாரு, கடைசி வரிசைல?”

இருந்தார். மேடையில் பி.டி. மாஸ்டர் தாளம் தப்பித் தப்பி அடிக்க, அப்பாவின் கை முழங்காலில் சரியாக விழுந்துகொண்டிருந்ததை ஜூடி பார்த்தாள். பார்த்துவிட்டு விருந்தாளிகளுக்குக் காபி கொடுக்கப் போய்விட்டாள்.

“பசங்களை வாசல்ல நிறுத்தி வைக்கிறேன்” என்றார் ஹெப்சிபா. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஜூடிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வண்டி பள்ளி வாசலுக்கு வந்தபோது மூன்றரை மணி. வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். பேச வேண்டிய ஆசிரியர் ஜூடியிடம் வந்து, “இன்னா சொல்லட்டும் டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நானே சொல்றேன் சார்.”

வண்டியிலிருந்து இறங்கினாள். தினமும் பாடம் எடுக்கும் பிள்ளைகள்தான்.

“இவரு பேரு இன்னாசி. நம்ம ஸ்கூல்ல படிச்சாரு. பத்தாவது பாஸ் பண்ணல. பேண்டுல பெரிய டிரம் அடிச்சாரு.” நிறுத்தினாள். “எங்கப்பா.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரிய டிரம்மில் முதல் அடி விழுந்தது.

பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அப்பா இருந்த வண்டியின் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“வண்டிய எட்த்துரவா மேடம்? ரோடு ஜாம் ஆவுது.”

“இருங்க” என்றாள் ஜூடி. “முழுசா வாசிக்கட்டும்.”