ரேஸ் இறங்காத நீல வண்டி

நடந்தது சித்திரைக் கடைசியிலா, வைகாசி பிறந்த பிறகா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் மைதீன் அன்று பேசியது இதே வார்த்தைகளில்தானா என்பதிலும் சந்தேகம் உண்டு. கார்த்திகேசன் சொல்வதற்கும் அவர் மனைவி மதுமதி சொல்வதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. வெயில் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வெயில் இல்லாவிட்டால் இதில் சொல்ல ஒன்றுமே இல்லை.

கார்த்திகேசனுக்கு நில அளவைத் துறையில் வேலை. அதிகம் பேச மாட்டார். மகள் படித்து முடித்து வேலைக்குப் போன வருஷம், யாரிடமும் கலக்காமல் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். கருநீலம், இரண்டே இருக்கை, ஆறு கியர். வாங்குவதற்கு முன் மேலப்பாளையம் மெக்கானிக் முகம்மது மைதீன் மட்டும் கூடப் போய்ப் பார்த்து, "எடுங்க அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தான். டவுண் மேல ரத வீதியில் அந்த வண்டி நுழைந்தபோது துணிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மதுமதி ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "விருந்தாளி வந்தா எங்கன உக்கார வைப்பீய, கூரையிலயா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மூன்றாவது கியரில் அந்த என்ஜின் எழுப்பும் ஓசைக்காகத்தான் வாங்கினேன் என்று பின்னால் ஒருநாள் சொன்னார். அடித்தொண்டையில் தொடங்கி, என்ஜின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டும்போது சட்டென்று திறந்து கொள்ளும் ஓசை. அதைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் சேரன்மகாதேவி வரை போய்விட்டு வருவார்.

ஆனால் வண்டி அவருக்கு அடங்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பேட்டை தாண்டியதும் தொடங்கிவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ரேஸ் இறங்காது. வேறு யாரோ மிதித்துக் கொண்டிருப்பது போல முள் மூவாயிரத்தில் நின்றுவிட்டு, பிறகு தொப்பென்று விழும். வண்டி குலுங்கும். இரண்டு பேர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வரும். "கல்யாணமான இருவத்தஞ்சு வருஷத்துல உங்களுக்கு நான் இவ்வளவு தலையாட்டினதில்ல" என்றாள் மதுமதி.

மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட்டையே மாற்றினார்கள். குறை அப்படியே இருந்தது. இதில் அவரை உள்ளுக்குள் அரித்தது வேறு. மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி குலுங்குவதில்லை. மைதீன் தனியாக முக்கூடல் வரை போய் வந்து, ஒன்றுமில்லை என்றான். அவர் கை பட்டால்தான் குலுங்கியது. மதுமதியின் அண்ணன் அம்மையப்பன் ஜோசியரிடம் கேட்டுவந்து முடிவாகவே சொல்லிவிட்டார்: "நீலம் உங்க ராசிக்கு ஆகாது மாப்பிள்ள. வித்துருங்க."

கார்த்திகேசனுக்கு ஜோசியத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ராத்திரி படுத்தால், தகுதி இல்லாத ஒன்றுக்கு ஆசைப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் வந்து பக்கத்தில் படுத்துக் கொண்டது. வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்த ஒன்றுதான். அதுவும் தன்னை வேண்டாம் என்கிறது. நாகர்கோவிலில் ரப்பர் வியாபாரம் செய்யும் பெருமாள்ராஜ் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சாயிற்று.

வெள்ளிக்கிழமை மைதீனிடம் போய்ச் சொன்னார். அவன் வெகுநேரம் கையைத் துடைத்துக் கொண்டிருந்தான். பிறகு, "நாளைக்கு நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி. நான் சும்மா பக்கத்துல இருக்கேன்" என்றான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே தார் ரோடு பளபளவென்று உருகியது. கார்த்திகேசன் எப்போதும் போலச் செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு ஏறினார். நெல்லையப்பர் கோயில் வாசலில் பூஜை போட்ட அன்று டாஷ்போர்டில் சின்னப் பிள்ளையார் ஒன்றை ஒட்டியிருந்தார். அன்றிலிருந்து அந்த வண்டிக்குள் செருப்புக் காலோடு ஏறியதில்லை. மைதீன் அதைப் பார்த்தான். தன் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டு ஏறினான்.

பேட்டை வரை அவன் கண்ணை மூடியிருந்தான். முள்ளைப் பார்க்கவே இல்லை. முதல் குலுக்கல் வந்தபோது கண்ணைத் திறந்து கீழே, கார்த்திகேசனின் இடது காலைப் பார்த்தான். அதன்பிறகு பத்தமடை வரை பார்வையை அங்கிருந்து எடுக்கவில்லை. வீரவநல்லூர் தாண்டி, வயல்கள் தாண்டி, கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரைப் பக்கம் நிறுத்தி டீ குடித்தார்கள். ஆற்றில் யாரோ ஒருவர் மட்டும் கழுத்தளவு நின்று குளித்துக் கொண்டிருந்தார். இருவரும் அவரையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போதும் பேச்சில்லை. கார்த்திகேசனுக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. கடைசிப் பயணம் இப்படியே போகட்டும் என்று நினைத்தார்.

ஷெட்டுக்கு வந்ததும் மைதீன் பத்து நிமிஷம் கேட்டான். பழைய லாரி ட்யூபிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டினான். ஓரத்தைச் சாணைக் கல்லில் தேய்த்து மழுக்கினான். வண்டிக்குள் தலையை விட்டு, கிளட்ச் மிதிக்கு இடப்பக்கம் காலை வைத்துக்கொள்ள இருக்கும் இரும்புத் தகட்டின் மேல், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினான். ஓரம் சமமாக வரவில்லை என்று ஒருமுறை பிரித்து மறுபடியும் ஒட்டினான். யார் கண்ணிலும் படாத இடம் அது.

"இனி காலை இதுமேல வச்சுக்கிடுங்க. தனியாப் போய்ட்டு வாங்க."

கார்த்திகேசன் போனார். பேட்டை வந்தது, தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. சுத்தமல்லிக்குப் பாதை பிரியும் விலக்கில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். முள் உடனே, பணிவாக இறங்கியது. மூன்றாவது கியரில் மறுபடி ஏற்றினார். அந்த ஓசை திறந்தது. கிளட்சை மிதித்து நாலாவது போட்டார். கியர் மாறியதே தெரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்து என்ன செய்தாய் என்று கேட்டபோது மைதீன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் என்ஜின் சூடு வந்து அடிக்கிறது. இந்த வெயிலும் சேர்ந்தால் பத்து நிமிஷத்தில் தகடு கொதிக்கும். செருப்புப் போட்டவனுக்குத் தெரியாது. வெறுங்கால் தானாக நகர்ந்து, ரப்பர் வைத்த கிளட்ச் மிதியின் மேல் போய் லேசாக உட்கார்ந்து கொள்ளும். மிதியில் கால் பட்டாலே இந்த வண்டி, ஓட்டுகிறவர் கியர் மாற்றப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளும். கியர் அலுங்காமல் விழட்டும் என்று ரேஸை இறங்க விடாமல் பிடித்துக் காத்திருக்கும். நீங்கள் மாற்றாததைப் பார்த்துவிட்டு, பிறகுதான் விடும்.

"அது உங்களுக்காகக் காத்துக்கிட்டுக் கெடந்திருக்கு அண்ணாச்சி. உங்களப் புடிக்காம இல்ல."

கார்த்திகேசன் குனிந்து அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?"

"பத்தமடையிலயே."

"செருப்பப் போட்டு ஓட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே வே."

மைதீன் ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினான். "நீங்க சாமிய வச்சுட்டுக் கழட்டுதீய. அதப் போடச் சொல்ல நான் யாரு? வண்டியில ரெண்டு துண்டு ரப்பர் ஒட்டுனாப் போதும்."

இருபத்தாறு வருஷம் அடுத்தவர் நிலத்தின் எல்லையை அளந்தவர் கார்த்திகேசன். ஒரு மனுஷன் இன்னொருவரின் எல்லைக்கு வெளியே இவ்வளவு சுத்தமாக நின்று வேலை செய்ததை அவர் பார்த்ததில்லை. அவனோடு உட்கார்ந்து இன்னொரு டீ குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெருமாள்ராஜ் வந்தார். மதுமதி காபி கொடுத்தாள். வண்டியைக் கொடுக்கவில்லை என்று கார்த்திகேசன் சொன்னார். வந்தவர் கோபப்பட்டார், ஆனால் ஒரு சுற்று ஏற்றிக் கூட்டிப்போனதில் கோபம் குறைந்தது.

பெருமாள்ராஜ் அந்த வருஷமே கொச்சியில் வேறொரு வண்டி வாங்கிக் கொண்டார். அம்மையப்பன் இன்னும் நீலம் ஆகாது என்றுதான் சொல்கிறார். மதுமதி அந்த வண்டியிலேயே ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அவளும் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறாள். மைதீன் அதே ஷெட்டில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் தொடங்கும் முன், அந்த ரப்பரைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தருகிறான். கார்த்திகேசன் ஓய்வு பெற்றுவிட்டார். வண்டி அவரிடம்தான் இருக்கிறது.